வீட்டு ஸ்டுடியோவில் இல்லாத ஆள்

ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன். சொந்தப் பாட்டைப் பதிவு செய்து ஊருக்குக் கேட்கக் கொடுக்க இன்றைக்கு இவ்வளவு போதும். அவசரத்துக்குச் செல்போனே போதும். குரலைத் தனியாக, கிடாரைத் தனியாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிய வேண்டுமென்றால் ஒரு காலத்தில் பெரும்பாலோருக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஸ்டுடியோதான் கதி. 1979-ல் ஜப்பானின் டியாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரணக் கேசட்டிலேயே நான்கு டிராக் பதிய வழி செய்தது. 2004-ல் ஆப்பிள் தன் கணினிகளோடு கராஜ்பேண்ட் மென்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது கேசட்டுக்கும் வேலையில்லாமல் போயிற்று. இப்படிச் செலவு குறைந்த கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தபோது கைவிட்டுப் போன ஒன்றைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. ஸ்டுடியோவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர், இந்தப் பக்கம் வாத்தியக்காரர்கள், ஸ்ருதி கொஞ்சம் விலகினாலும் ‘ஒன் மோர்’ கேட்க ஒருவர். வீட்டில் பாட்டுச் செய்கிறவருக்குக் கருவி வந்து சேர்ந்துவிட்டது. இந்த ஆட்கள் வரவில்லை. முகம் தெரியாத ஒருவர் பாட்டைக் கேட்டுக் குறைநிறை சொல்லிவிட்டு, பதிலுக்குத் தன் பாட்டை அவரிடம் கேட்கக் கொடுக்கும் இணையப் பழக்கம் அந்த வெற்றிடத்தில்தான் வளர்ந்திருக்கிறது. அதை ஓய்வுநேர அரட்டையாக நினைப்பவர்கள் உண்டு. மைக் பிடிப்பதைப் போலவே அதுவும் பதிவு வேலையின் ஒரு பகுதி என்பது என் கட்சி.

சொந்தக் காது ஏன் போதாது? 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டொன்றை மேஜையில் விரலால் தட்ட வேண்டும். கேட்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவர் மண்டைக்குள் மெட்டும் வரியுமாக முழுப்பாட்டு ஓடுகிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது வெறும் டக் டக். தன் பாட்டைத் தானே மிக்ஸ் செய்கிறவரின் நிலைமையும் இதுதான். வரியை எழுதியவரே அவர் என்பதால், குரலைக் கிடாருக்கு அடியில் புதைத்து வைத்தாலும் அவருக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்கும். முதல் முறையாகக் கேட்கிற ஒருவர்தான், ‘இரண்டாவது சரணத்தில் மழை என்று பாடுகிறீர்களா, மலை என்றா?’ என்று கேட்பார். குரலின் அளவு, உச்சரிப்பு, ரிவெர்ப் இவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு என்ற தகவல் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. போதாக்குறைக்குப் பழக்கமும் கண்ணை மறைக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அது பிடித்துப்போக ஆரம்பிக்கிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஜையன்ஸ் 1968-ல் காட்டினார். மிக்ஸ் செய்கிறவர் அதே எட்டு வினாடியை லூப் போட்டு மாலை முழுக்கக் கேட்பவர். தப்பாக விழுந்த ஒரு தாளக்கட்டு இரவு பத்து மணிக்குள் அவருக்கு ‘ஸ்டைல்’ ஆகிவிடும்.

அறை செய்யும் சதி வேறு. நம் வீடுகளில் சர்வசாதாரணமான பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். உயரமும் ஏறத்தாழப் பத்தடி. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்தும் ஒலி எதுவோ, அது அந்த அறையில் நின்று ஊதிப் பெருகும். பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ், அடுத்தது அதன் இரு மடங்கான 112. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே எண்கள்தான் திரும்ப வரும். ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அந்த 56 கிட்டத்தட்டக் கேட்காமலே போகும். பேஸ் போதவில்லை என்று ஏற்றி வைப்பார். அந்தப் பாட்டு இன்னொருவர் காரில் ஓடும்போது கதவே அதிரும். அதே நடு நாற்காலியில் 112 அளவுக்கு மீறி முழங்குகிறது. ஆண்குரலின் அடித்தளம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பதால் குரல் கனமாக இருப்பதாக எண்ணி அதை வெட்டிவிடுவார். மற்றவர் காதுக்கு அது தகரக்குரலாகப் போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து ராத்திரியில் ஒலியைக் குறைத்து வைத்து வேலை பார்த்தால் இன்னொரு ஏமாற்றம். ஒலி தாழத் தாழ மனிதக் காது பேஸை முதலில் இழக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன உண்மை இது. ஹெட்போனுக்கு மாறினால் அறை விலகும், ஆனால் அந்த ஹெட்போனுக்கென்று ஒரு கோணல் இருக்கும். இதையெல்லாம் உள்ளே இருந்துகொண்டே கண்டுபிடிக்க ஒருவரால் முடியாது. வேறு வீட்டில், வேறு ஸ்பீக்கரில் கேட்கும் நான்கு பேர் ‘அடியில் குழகுழவென்று இருக்கிறது’ என்று ஒரே மாதிரி சொன்னால், அது ரசனை பற்றிய கருத்தாக இருக்க வாய்ப்பில்லை. நான்கு வெவ்வேறு இடத்தில் எடுத்த அளவு அது.

தனியாக வீட்டிலேயே செய்து சாதித்தார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம் லாஸ் ஏஞ்சலஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உருவானது, அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது, எல்லாம் நிஜம். ஆனால் அந்த அறையில் அவருடைய அண்ணன் ஃபினியஸ் இருந்தார், அதை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்ற வெளியாள். நம்மூரில் ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளாகத்திலேயே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டார். 1992-ல் வந்த ‘ரோஜா’வின் இசை அங்கே பிறந்தது. அந்த வீட்டு ஸ்டுடியோவிலும் எச். ஸ்ரீதர் என்ற சவுண்ட் இன்ஜினியர் பல ஆண்டுகள் கூடவே இருந்தார். ஆக, நாலு சுவரும் ஒரு திறமைசாலியும் மட்டும் போதும் என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும் கதை. அண்ணனோ இன்ஜினியரோ வாய்க்காதவர் அந்த ஆளை வெளியே தேடத்தான் வேண்டும்.

எண்பதுகளில் கேசட்டைத் தபாலில் அனுப்பி, கடிதத்தில் கருத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். இணையம் அந்தத் தபால் நாட்களைத் துடைத்துவிட்டது. 2004-ல் பர் செட்டில்ஸ் என்ற அமெரிக்கர் தொடங்கிய ‘பிப்ரவரி ஆல்பம் எழுதும் மாதம்’ இதற்கு நல்ல சாட்சி. பிப்ரவரியின் 28 நாளில் 14 பாட்டு எழுத வேண்டும். நடுவரும் கிடையாது, பரிசும் கிடையாது. பங்கேற்பவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு எழுதும் குறிப்புகள்தான் அதில் கிடைக்கும் கூலி. 2007-ல் தொடங்கப்பட்ட சவுண்ட்கிளவுட் இதற்குள் ஒரு சின்ன வசதியைக் கொண்டுவந்தது. பாட்டின் ஒலி அலை படமாக நீண்டு கிடக்கும். கருத்தை அதில் எந்த வினாடியில் வேண்டுமானாலும் குத்தி வைக்கலாம். பார்க்க அற்பமாகத் தெரியலாம். ‘நல்லா இருக்கு, ஆனா ஏதோ குறையுது’ என்ற கருத்தை வைத்துக்கொண்டு ஒரு நூலும் நகராது. ‘1.12-ல் ச வரும் இடமெல்லாம் காதில் குத்துகிறது’ என்றால், அந்த இடத்துக்குப் போய் ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கொஞ்சம் தணித்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கலாம்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம்: கருத்துச் சொல்கிறவர்களும் கற்றுக்குட்டிகள்தானே, குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதில் என்ன லாபம்? பாதி சரி. ‘3 கிலோஹெர்ட்ஸில் இரண்டு டெசிபல் வெட்டுங்கள்’ என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்லும் யோசனை பெரும்பாலும் குப்பைக்குப் போக வேண்டியது. ஆனால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல நோயாளி மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மருந்தைத்தான் அவர் சொல்லக் கூடாது. ‘இந்த இடத்தில் எனக்குக் கவனம் சிதறிவிட்டது’ என்ற வாக்குமூலத்தில் தப்பு இருக்க முடியாது, ஏனென்றால் அது கேட்டவருக்கு நடந்தது. கருத்து வாங்கத் தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே வாங்குகிறார்கள்: நடந்ததை எழுதி வைத்துக்கொள்கிறார்கள், வைத்தியத்தைத் தாங்களே முடிவு செய்கிறார்கள். கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ தான் வரும். ‘சரணத்தில் குரல் கீபோர்டுக்கு மேலே நிற்கிறதா?’ என்று கேட்டவருக்கு ஆம், இல்லை என்றாவது ஒன்று கிடைக்கும்.

அந்த ‘சூப்பர்’ தான் அடுத்த ஆட்சேபம், இதில் நியாயம் நிறையவே இருக்கிறது. நீ என்னைப் புகழ், நான் உன்னைப் புகழ்கிறேன் என்ற மொய்க்கணக்கு இந்த வட்டங்களில் தாராளமாக நடக்கிறது. லைக் எண்ணிக்கை அதைவிட ஏமாற்றுவது. மாத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாட்டுகளைப் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும் கொடுக்கப்பட்டது. மற்றவர்களை எட்டுக் குழுவாகப் பிரித்து, தங்கள் குழுவில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண்ணைப் பார்க்காமல் கேட்டவர்களிடம் 26-வது இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஒரு குழுவில் முதலிடம் பிடித்தது. இன்னொரு குழுவில் 40-க்குப் போய் விழுந்தது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பதும் மிக மட்டமானது ஜெயிப்பதும் அபூர்வம்தான், ஆனால் நடுவில் கிடப்பவற்றின் தலைவிதியை முன்னால் வந்தவர்களின் கை எழுதுகிறது. வீட்டில் செய்யப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் இருக்கும் என்பதால், லைக்கை வைத்து மிக்ஸைத் திருத்துவது வீண்வேலை. எண்ணிக்கை கண்ணில் படாத இடத்தில், நேரத்தைக் குறித்து, வாக்கியமாக எழுதப்பட்ட கருத்துக்கு மட்டும் காது கொடுத்தால் மொய்க்கணக்கின் தொல்லை பெருமளவு குறையும். புகழ்வதற்கும் ஒரு குறிப்பிட்ட வினாடியைச் சொல்லியாக வேண்டும் என்றானதும் சும்மா புகழ்கிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

பத்துப் பேர் சொன்னதைக் கேட்டு மாற்றினால் பாட்டு யாருடையதாகவும் இல்லாமல் போய்விடாதா? இந்தக் கேள்விக்கு ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’வைக் காட்டுவார்கள். 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தான் குடியிருந்த வீட்டில், அதே போர்ட்டாஸ்டுடியோ 144-ல், இரண்டு எஸ்எம்57 மைக்கை வைத்துப் பதிந்த முன்மாதிரிக் கேசட் அது. கரகரப்பும் மங்கலும் நிறைந்த அந்தக் கேசட்டே அந்த ஆண்டு ஆல்பமாக வந்தது. இன்றைய கருத்துப் பரிமாற்றத்தில் அதை யாராவது போட்டிருந்தால் ‘இரைச்சலை எடுங்கள், குரலில் எதிரொலி அதிகம்’ என்று பிய்த்திருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பாட்டுகளைத் தன் இசைக்குழுவோடு முறையாக ஸ்டுடியோவில் பதிந்து பார்த்தார். ஒப்பிட்டுக் கேட்ட பிறகுதான் கேசட்டின் தனிமை அதில் தொலைந்துபோவது தெரிந்தது. அந்தக் குறை வேண்டும் என்று அவர் தெரிந்தே வைத்துக்கொண்டார். தெரியாமல் விட்டிருந்தால் அது வேறு விஷயம். இரைச்சல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், ‘இருக்கட்டும்’ என்று பதில் சொல்ல உரிமை பாட்டுக்காரருக்கு எப்போதும் உண்டு. அந்தப் பதிலைச் சொல்லவாவது இரைச்சல் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெட்டைத் திருடிவிடுவார்கள் என்ற பயத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. இந்தியாவின் 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானபோதே உரிமையும் வந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. தேதியோடு நாலு பேர் முன்னால் வைத்த டெமோ, பிறகு வழக்கு என்று வந்தால் யார் முந்தி என்று காட்டவும் உதவும். பெட்டிக்குள் பூட்டி வைத்த பாட்டுக்கு அந்தச் சாட்சியும் இருக்காது.

மிக்ஸ், மாஸ்டரிங்குக்கெல்லாம் இப்போது தானியங்கி மென்பொருள் வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஒலியின் அளவை அது மனிதரைவிடத் துல்லியமாக அளக்கும், எந்த அலைவரிசை மிகுதி என்று காட்டும். அதற்கு அலுப்புத் தட்டாது என்பதுதான் சிக்கல். முன்னிசை நாற்பது வினாடி இழுத்தால் ஒரு மனிதர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். பாட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியது அந்தத் தாவல் எந்த இடத்தில் நடந்தது என்பது.

மிச்சமிருப்பது நேரக் கணக்கு. அடுத்தவர் பாட்டை உட்கார்ந்து கேட்டுக் குறிப்பு எழுதும் நேரத்தில் என் பாட்டை முடித்துவிடுவேனே என்கிறார்கள். இதைக் கொடுக்கல் வாங்கலாக மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கொடுக்கிறவருக்குக் கையோடு ஒரு வரவு இருக்கிறது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு அறைகளில் செய்யப்பட்ட இருபது பாட்டுகளைத் தன் ஸ்பீக்கரில், தன் நாற்காலியில் உட்கார்ந்து கவனமாகக் கேட்கிறார் ஒருவர். இருபதிலும் ஆண்குரல் அதே இடத்தில் முழங்கினால், இருபது பேரும் ஒரே தப்பைச் செய்திருக்க முடியாது. கருத்து எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை அறையின் நடுவிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டு, அதே பாட்டுகளை இன்னொரு முறை ஓட விடலாம்.