அப்பாவின் முகத்தில் விழுந்த கோடு
பிலிம் ஸ்கேனருக்குள் தூசு புகுந்தால் என்ன ஆகும்?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள் பலரது டிரங்குப் பெட்டியில் பழைய நெகட்டிவ்கள் கிடக்கின்றன. ஊரில் நடந்த கல்யாணம், காலமான தாய்-தந்தை என்று எத்தனையோ படங்கள். போட்டோவைக் கரையான் அரித்திருக்கும். நெகட்டிவ்தான் மிச்சம்.

அதை கம்ப்யூட்டரில் ஏற்றும் கருவியே பிலிம் ஸ்கேனர். அதற்குள் ஒரு தூசு இருந்தால் போதும், அப்பாவின் முகத்தில் கோடு விழுந்துவிடும்.

புள்ளியா, கோடா?

நெகட்டிவ்வில் ஒட்டிய தூசு ஒளியை மறைக்கும். அந்த இடம் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

கருவிக்குள் உள்ள தூசு வேறு வகை. பல ஸ்கேனர்கள் படத்தை வரி வரியாகப் படிக்கின்றன. படிக்கும் சென்சார் மீது தூசு உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியிலும் அதே இடம் மறைந்துபோகும். படத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை கோடு விழும். உள்ளே இருக்கும் லென்சிலோ கண்ணாடியிலோ தூசு படிந்தால் படமே மங்கிவிடும்.

வேறொரு நெகட்டிவ்வை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கோடு அதே இடத்தில் வந்தால் குற்றவாளி கருவிக்குள் இருக்கிறது.

துடைக்கக் கூடாது

மின் இணைப்பை எடுத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறித்து கறை படியும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் புளோயரால் காற்றடிப்பதே நல்லது.

வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருக்கும். ஸ்கேனர் கண்ணாடியில் முன்புறம் பூசியிருப்பார்கள். துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

சில ஸ்கேனர்கள் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு நெகட்டிவ்வில் உள்ள தூசை தாங்களே கண்டுபிடித்து நீக்கும். ஆனால் அது கலர் பிலிமுக்குத்தான் கைகொடுக்கும். கறுப்பு-வெள்ளைப் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அந்தக் கதிரை மறைப்பதால், உருவத்தையே தூசு என்று கருவி எண்ணிவிடும். எனவே அப்பா காலத்துப் படங்களுக்கு கைப்பக்குவமே துணை.

எறிந்துவிடாதீர்கள்

டைரக்டர் அரவிந்தனின் 'தம்பு' 1978-ல் வந்த கறுப்பு-வெள்ளை மலையாளப் படம். மும்பையின் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் அதைப் புதுப்பிக்க முன்வந்தபோது மூல நெகட்டிவ் கிடைக்கவில்லை. புனே திரைப்படக் காப்பகத்தில் இருந்த பிரதியே கைகொடுத்தது. சென்னையிலும் இத்தாலியிலும் வேலை நடந்து, 2022-ல் கேன்ஸ் விழாவில் படம் திரையிடப்பட்டது.

சினிமாவுக்கே இந்தக் கதி என்றால், வீட்டுப் படத்துக்குப் பிரதி எங்கே கிடைக்கும்?

கடையில் பணம் கொடுக்கும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெகட்டிவ்வையும் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் கோடு விழுந்த படத்தை மறுபடி எடுக்கலாம். அப்பாவை மறுபடி படம் எடுக்க முடியாது.