உபவாசமும் பட்டினியும்

உபவாசம் என்னும் சொல் நமது சபைகளில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று. லெந்து நாட்களில் ஒருவேளை உணவை விலக்குவோர் பலர். மாதந்தோறும் உபவாச ஜெபம் நடத்தாத சபைகள் சிலவே. ஆயினும் நாம் எதற்காக உபவாசிக்கிறோம், யாருக்காக உபவாசிக்கிறோம் என்னும் கேள்விகளை அரிதாகவே எழுப்புகிறோம். இதனால் இரு மனப்பான்மைகள் நம்மிடையே வேரூன்றியுள்ளன. ஒன்று, விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்பட்டோருக்கு உபவாசம் தேவையற்றது என்று அதனை முற்றும் தள்ளிவிடுவது. மற்றொன்று, கடவுளிடமிருந்து வேண்டியதைப் பெற்றுத்தரும் வல்லமையுள்ள கருவியாக அதனைக் கொள்வது. இவ்விரண்டும் திருமறையின் உபவாசப் போதனையின் மையத்தைத் தவறவிடுகின்றன என்பதையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

1. திருமறையின் சொல்வழக்கு

பழைய ஏற்பாட்டில் உபவாசத்தைக் குறிக்க 'சோம்' என்னும் எபிரெயச் சொல் வழங்குகிறது. இதனோடு, ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துதல் என்று நமது பழைய மொழிபெயர்ப்பு கூறும் தொடரும் உண்டு. பாவநிவாரண நாளைப் பற்றிய கட்டளையில் (லேவி. 16:29) இத்தொடரே காணப்படுகிறது. இதில் 'தாழ்மைப்படுத்துதல்' என்று பெயர்க்கப்பட்ட வினைச்சொல்லுக்கு ஒடுக்குதல், வருத்துதல் என்பனவும் பொருளாகும். எகிப்தியர் இஸ்ரவேலரைச் சுமைசுமக்கும் வேலையால் ஒடுக்கினர் என்று யாத்திராகமம் 1:11 கூறுமிடத்தில் வருவதும் இவ்வினையே. 'ஆத்துமா' என்று பெயர்க்கப்பட்ட 'நெபெஷ்' உடலினின்று பிரிந்த ஓர் ஆவியைக் குறிப்பதன்று. தொண்டை, பசி, உயிர் ஆகிய பொருள்களையும் அது உள்ளடக்கும். எனவே உபவாசிப்பவன் தன் உயிரைத் தானே பசியால் வருத்திக்கொள்பவன் ஆகிறான்.

இச்சொல்வழக்கை மனத்திற்கொண்டு ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை வாசிப்போமாயின் ஒரு பேருண்மை புலப்படும். நாங்கள் எங்கள் ஆத்துமாவை வருத்தியும் கடவுள் ஏன் கவனிக்கவில்லை என்று மக்கள் மூன்றாம் வசனத்தில் முறையிடுகின்றனர். உபவாச நாளிலும் அவர்கள் தங்கள் வேலையாட்களைக் கசக்கி வேலை வாங்கினர் என்பதே தீர்க்கதரிசியின் மறுமொழி. பின்னர் பத்தாம் வசனத்தில், வருத்தப்பட்ட ஆத்துமாவைத் திருப்தியாக்க வேண்டும் என்கிறார். மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அதே வினையையும் அதே பெயரையுமே தீர்க்கதரிசி இங்கு ஏழையைக் குறித்து வழங்குகிறார். உபவாசிப்பவன் ஒருநாள் தன் உயிரை வருத்துகிறான். ஏழையின் உயிரோ நாள்தோறும் பிறரால் வருத்தப்படுகிறது. முன்னது தெரிந்துகொண்ட பசி. பின்னது சுமத்தப்பட்ட பசி. தமிழில் முன்னதை உபவாசம் என்கிறோம். பின்னதைப் பட்டினி என்கிறோம். இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்தி, பின்னதை நீக்காத முன்னது கடவுளின் பார்வையில் உபவாசமே அன்று என்பது தீர்க்கதரிசியின் தீர்ப்பு.

சகரியா 7-ஆம் அதிகாரமும் இதனையே வற்புறுத்துகிறது. ஐந்தாம் மாத உபவாசத்தைத் தொடர வேண்டுமா என்பது மக்களின் கேள்வி. விதவை, திக்கற்றவர், அந்நியர், சிறுமையானவர் ஆகியோருக்கு நீதி செய்வதைப் பற்றியதாக மறுமொழி அமைகிறது. மலைப்பிரசங்கத்தில் நமது ஆண்டவர் தருமம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் போதித்ததும் (மத். 6:1-18) தற்செயலானதன்று. இவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து அதற்குத் தனிவல்லமை கற்பிப்பது அப்போதனைக்குப் பொருந்தாது.

2. உபவாசம் கடவுளை வற்புறுத்தும் கருவியா?

நம் நாட்டில் உண்ணாவிரதம் போராட்டக் கருவியாகவும் விளங்கி வந்துள்ளது. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத் தனித்தொகுதி வழங்கப்படுவதை எதிர்த்து 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியடிகள் மேற்கொண்ட உண்ணாவிரதத்தையும், ஆந்திர மாநிலம் வேண்டி 1952-இல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாதிருந்து உயிர்துறந்ததையும் நாம் அறிவோம். இவற்றின் அரசியல் நியாயத்தை ஆராய்வது இங்கு நமது நோக்கமன்று. எதிர்த்தரப்பாரை இணங்கவைப்பது இத்தகைய விரதத்தின் இலக்கு என்பதே நாம் கவனிக்கவேண்டியது. கடவுளோ நமக்கு எதிர்த்தரப்பினர் அல்லர். இரங்க மனமற்ற ஒருவரைப் பட்டினி கிடந்து இணங்கவைப்பதுபோல் அவரை அணுகும் உபவாசம், அவரைத் தந்தை என்று அறியாத உபவாசமாகும்.

தாவீது நோயுற்ற குழந்தைக்காக உண்ணாமல் தரையிலே கிடந்தான். ஏழாம் நாளில் குழந்தை இறந்தது. அதன்பின் அவன் எழுந்து, நீராடி, ஆலயத்திற்குச் சென்று தொழுது, வீடு திரும்பி உணவருந்தினான் (2 சாமு. 12:16-23). கேட்டதைப் பெறாத உபவாசம் அது. ஆயினும் தொழுகையில் முடிந்த உபவாசம். நினிவேயின் அரசனும் மனந்திரும்புதலை அறிவித்தபோது, கடவுள் ஒருவேளை இரங்கக்கூடும் என்ற அளவில் நின்றானேயன்றி, இரங்கியே தீரவேண்டும் என்று உரிமை கொண்டாடவில்லை (யோனா 3:9).

உபவாசத்தின் வல்லமைக்கு ஆதாரமாக மாற்கு 9:29 அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்வசனம் ஜெபத்தோடு உபவாசத்தையும் சேர்த்துக் கூறுகிறது. ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த வத்திக்கான் கையெழுத்துப் பிரதியிலும், சீனாய்ப் பிரதியை முதலில் எழுதியவரின் பாடத்திலும் உபவாசம் என்னும் சொல் இல்லை. ஜெபம் மட்டுமே உள்ளது. மத்தேயு 17:21 முழுவதும் அவற்றில் காணப்படவில்லை. 1 கொரிந்தியர் 7:5-லும் உபவாசத்தைப் பற்றிய குறிப்பு தொன்மையான பிரதிகளில் இல்லை. உபவாசத்தை உயர்வாக மதித்த பிற்காலத்தார் இச்சொல்லைச் சேர்த்தனர் என்பது பாட ஆய்வாளர் பெரும்பான்மையோரின் முடிவு. இதனால் உபவாசம் மறுக்கப்படுவதில்லை. அந்தியோகியாச் சபை பவுலையும் பர்னபாவையும் அனுப்பியபோது உபவாசித்தது என்பதில் ஐயமில்லை (அப். 13:2-3). பேயோட்டும் வல்லமையை உபவாசத்தின்மேல் கட்டியெழுப்புவோர் தங்கள் அடித்தளத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதே நாம் கூறுவது.

3. ஆதித் திருச்சபையின் வழக்கம்

டிடாக்கே என்னும் தொன்மையான நூல், புதன், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் உபவாசிக்குமாறு கிறிஸ்தவர்களுக்குக் கூறுகிறது. துன்புறுத்துவோருக்காக உபவாசிக்க வேண்டும் என்றும் அந்நூல் கற்பிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் தோன்றிய 'எர்மாவின் மேய்ப்பன்' இன்னும் தெளிவான முறையைக் காட்டுகிறது. உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் கொண்டு, உண்ணாது விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ திக்கற்றவருக்கோ எளியவருக்கோ கொடுக்கவேண்டும் என்பது அதன் போதனை. அதே நூற்றாண்டில் அரிஸ்டைடஸ் ரோமப் பேரரசருக்கு எழுதிய கிறிஸ்தவ விளக்கவுரை, ஏழை ஒருவன் உணவின்றி இருக்கையில் தங்களிடமும் மிகுதியாக இல்லையெனில், கிறிஸ்தவர் இரண்டு மூன்று நாட்கள் உபவாசித்து அவனுக்கு உணவளிப்பர் என்று சான்று பகர்கிறது. தங்களுக்கே போதிய உணவில்லாதோர், பிறனுடைய பட்டினியை நீக்கத் தாங்கள் பசித்திருந்தனர். ஏசாயாவின் உபவாசம் இங்கே வாழ்க்கையாகக் காணப்படுகிறது.

4. சீர்திருத்தத்தின் சாட்சி

சீர்திருத்தம் உபவாசத்தை ஒழித்துவிட்டது என்னும் கருத்து சரியன்று. 1522-ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சூரிக் நகரில் அச்சகத்தார் கிறிஸ்டோபர் ஃப்ரோஷாவர் இல்லத்தில் இறைச்சி பரிமாறப்பட்டது. அங்கிருந்த ஸ்விங்ளி தாம் உண்ணாவிடினும், உண்டோருக்காகப் பரிந்து பிரசங்கித்து அதனை அச்சிட்டும் வெளியிட்டார். அச்சகத்தில் வேலைப்பளு மிகுந்திருந்ததென்பது ஃப்ரோஷாவர் நகர மன்றத்திற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. மனச்சாட்சியின்மீது மனிதக் கட்டளையைச் சுமத்தலாகாது என்பது ஸ்விங்ளியின் வாதம். உழைப்போரின் தேவையைப் பாராத நோன்புச் சட்டத்தையே அந்நிகழ்ச்சி கேள்விக்குள்ளாக்கியது.

கால்வின் தமது 'கிறிஸ்தவ மதத்தின் போதனைகள்' நான்காம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உபவாசத்துக்கு மூன்று நோக்கங்களைக் கூறுகிறார்: மாம்ச இச்சையை அடக்குதல், ஜெபத்துக்கும் தியானத்துக்கும் ஆயத்தப்படுதல், கடவுளுக்குமுன் குற்றத்தை அறிக்கையிடும்போது தாழ்மைக்குச் சான்றாயிருத்தல். அதனைப் புண்ணியமாகக் கருதுவதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். ஜான் வெஸ்லியோ உபவாசத்தோடு இரக்கச் செயல்களையும் இணைக்கவேண்டும் என்று கூறி, ஏசாயா 58-இன் போதனையைக் கொண்டே தமது உபவாசப் பிரசங்கத்தை முடிக்கிறார். புண்ணியம் தேடும் உபவாசம் தள்ளப்பட்டது. அன்பினால் விளையும் உபவாசம் தள்ளப்படவில்லை.

5. இன்று நமது சபைகளில்

இவற்றின் அடிப்படையில் போதகர்களும் இறையியல் மாணவரும் சிந்திக்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது, யாரை உபவாசிக்க அழைக்கிறோம்? நமது கிராமச் சபைகளில் கூலி கிடைக்காத நாளில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. ஏற்கெனவே பட்டினி கிடப்பவரிடம், உபவாசித்தால் வறுமை நீங்கும் என்று கூறுவது கொடுமையாகும். அவருக்கு நாம் கடன்பட்டிருப்பது உணவும் நியாயமான கூலியுமே.

இரண்டாவது, நீரிழிவு நோயாளர், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், முதியோர் ஆகியோர் மருத்துவரின் அறிவுரையின்றி உணவை விலக்குவது ஆபத்தானது. இன்சுலின் செலுத்திக்கொள்பவர் உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து உயிருக்கே கேடு நேரலாம். உண்ணுவதால் அவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் அல்லர் என்று போதகர் வெளிப்படையாகக் கூறவேண்டும்.

மூன்றாவது, வீட்டில் ஆடவர் உபவாசித்திருக்க, உபவாசம் முடிக்கும் உணவை ஆக்கும் உழைப்பு யாருடையது? அன்று அடுப்படியில் நிற்பவளுக்கு ஜெபிக்க நேரம் கிடைத்ததா? வேலையாட்களைப் பற்றித் தீர்க்கதரிசி எழுப்பிய கேள்வி நமது இல்லங்களுக்குள்ளும் வருகிறது. ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கும் பணியாளருக்குச் சபை கொடுக்கும் ஊதியத்தையும் லெந்து காலத்தில் ஆராய்ந்து பார்ப்பது நலம்.

நான்காவது, விட்ட உணவு எங்கே செல்கிறது? சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாகப் படைக்கும் வழக்கத்தை நமது தாய்மார் அறிவர். எர்மாவின் நூல் போதிக்கும் கணக்கு அந்த அரிசிப் பானையில் ஏற்கெனவே உள்ளது. உபவாச நாளன்று ஒவ்வொரு குடும்பமும் விட்ட வேளையின் செலவைக் கணக்கிட்டு, பெயர் குறிப்பிடாமல் ஓர் உண்டியலில் இடுமாயின், அதனைச் சபை தன் எல்லைக்குள் உள்ள பசித்தோருக்கு, சாதி, சமய வேறுபாடின்றிக் கொடுக்கலாம். அந்தரங்கத்தில் உபவாசிக்கவேண்டும் என்னும் ஆண்டவரின் போதனையும் இதனால் காக்கப்படும்.

மணவாளன் எடுபடும் நாட்களில் தம் சீடர் உபவாசிப்பர் என்றார் ஆண்டவர் (மாற்கு 2:20). அவருடைய விருந்தில் எல்லோரும் இன்னும் அமரவில்லை என்பதே நமது உபவாசத்தின் காரணம். நாம் தெரிந்துகொள்ளும் பசி, அதனைத் தெரிந்துகொள்ளாத சகோதரனின் இல்லத்திற்கு நம்மை வழிநடத்துமாயின், அதுவே கடவுளுக்கு உகந்த உபவாசமாகும். அவ்வாறு வழிநடத்தாவிடில், உணவை விட்டதன்றி வேறொன்றும் நாம் செய்தவர்களல்லோம்.