வெள்ளைச் சுவரா, கருநீலச் சுவரா?

தீபாவளிக்கு முன் வீட்டிற்குச் சாயம் பூசப் போகிறார்களா? உங்கள் அறைக்கு வெள்ளையா, கருநீலமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அழகு உங்கள் விருப்பம். ஆனால், இரவில் அங்கேதான் படிக்கப் போகிறீர்கள். எனவே, வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

வெள்ளைச் சாயத்தில் டைட்டேனியம் டைஆக்சைடு என்னும் தூள் கலந்திருக்கும். அதன் நுண்துகள்கள் எல்லா நிற ஒளியையும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. கருநீலச் சாயத்தின் நிறமிகளோ நீல ஒளியில் சிறிதளவைத் திருப்பிவிட்டு, மற்றதை உறிஞ்சிக்கொள்கின்றன.

வெள்ளைச் சுவர் 80 விழுக்காடு ஒளியையும் கருநீலச் சுவர் 10 விழுக்காடு ஒளியையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெள்ளை அறையில் 8 மடங்கு வெளிச்சம் இருக்குமா? அவசரப்படாதீர்கள்!

சுவர், கூரை, தரை எல்லாம் ஒரே நிறம் என்று கொள்ளுங்கள். விளக்கு 100 பங்கு ஒளி தருகிறது. வெள்ளை அறையில் முதலில் 80 பங்கு திரும்பும். அது எதிர்ச் சுவரில் பட்டு 64 ஆகும். பிறகு 51 ஆகும். இப்படியே குறைந்துகொண்டு போகும். எல்லாவற்றையும் கூட்டினால் 500 பங்கு! கருநீல அறையில் 100, 10, 1 என்று சட்டென அடங்கிவிடும். கூட்டினால் ஏறக்குறைய 111தான். விளக்கு ஒன்றே, வித்தியாசமோ நாலரை மடங்கு. கணிதத்தில் நீங்கள் படிக்கும் பெருக்குத் தொடர் இதுதான்.

உண்மையான அறையில் அலமாரி, கட்டில், திரைச்சீலை ஆகியவையும் ஒளியை உறிஞ்சுவதால் இந்த வித்தியாசம் குறையும். மேசை விளக்கிலிருந்து நேராகப் புத்தகத்தில் விழும் ஒளியும் சுவரின் நிறத்தால் மாறாது.

கருநீலம் அறையைச் சூடாக்குமா? வெயில் நேரடியாகப் படும் வெளிச்சுவருக்கு அந்தக் கவலை நியாயமானது. மூடிய அறையில் அப்படியில்லை. வெள்ளைச் சுவரில் பலமுறை பட்டுத் திரும்பும் விளக்கொளியும் முடிவில் உறிஞ்சப்பட்டு வெப்பமாகவே மாறுகிறது.

கருநீலத்தை விட மனமில்லையா? பக்கச் சுவர் ஒன்றுக்கு மட்டும் பூசுங்கள். கூரையும் சன்னலுக்கு எதிரே உள்ள சுவரும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. அட்டைப்பெட்டியின் உட்புறம் முழுவதும் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். சிறு துளை வழியே கைவிளக்கால் ஒளி பாய்ச்சுங்கள். மற்றொரு துளை வழியே உள்ளே பாருங்கள். பிறகு கருநீலத்தாள் ஒட்டி மீண்டும் பாருங்கள். எந்த நிறம் வேண்டும் என்பதை உங்கள் கண்களே சொல்லும்.