பூண்டுப்பாலும் சீம்பாலும்



காவிரிக்கு இக்கரையில் திருச்சி, அக்கரையில் ஸ்ரீரங்கம். கரை வேறானாலும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பாட்டிமார் தரும் கைமருந்து ஏறக்குறைய ஒன்றே: பாலில் வெந்த பூண்டு, வெந்தயக் கஞ்சி, முருங்கைக்கீரை, அசைவ வீடுகளில் சுறாப்புட்டு. பூண்டு சேர்க்காத வீடுகளிலும் இந்நாட்களில் மட்டும் சேர்ப்பதுண்டு.

இவற்றை நாங்கள் தடுப்பதில்லை. தாய்க்கு ஊட்டமும் வேண்டுமே. ஆனால் பாலைச் சுரக்கச் செய்வது குழந்தையின் வாய்தான். அது சப்பச் சப்பத்தான் தாயின் உடலில் அதற்கான ஹார்மோன் ஊறிப் பால் பெருகுகிறது.

எங்களை வருத்துபவை வேறு இரண்டு பழக்கங்கள். மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது ஒன்று. வயிறு போடும் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது மற்றொன்று. முதல் நாளில் சீம்பால் சில தேக்கரண்டிதான் வரும். அதுவே போதும், நோயையும் தடுக்கும். பால் இல்லையென்று பயந்து புட்டியைக் கொடுத்தால், குழந்தை சப்புவது குறைந்து பால் உண்மையிலேயே வற்றும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடவேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. ஐந்தாம் நாளுக்குப்பின் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அறியலாம்.

எங்களைத் தாங்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதை உங்கள் சபைப் பாட்டிமாருக்கு வாசித்துக் காட்டுங்கள். இளம் தாயின் தைரியம் அவர்கள் சொல்லில் இருக்கிறது.