உண்ணியின் வீடு நாய் அல்ல

நாயின் காதுமடலைப் புரட்டினால், உள்மடிப்பில் ஆமணக்கு விதை போல உப்பிய சாம்பல் நிற உண்ணி தோலைக் கவ்விக் கிடக்கும். கால்விரல் இடுக்கில் கடுகளவில் இன்னும் நாலைந்து. பிடுங்கிப் போட்டுவிட்டுப் பவுடர் தூவினால் வேலை முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். சில நாட்களில் மறுபடியும் உண்ணி.

காரணம், அது வாழும் முறை. தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி, தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. வளர்ச்சியின் மூன்று பருவங்களிலும் ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் புகுந்துகொள்கிறது. பெண் உண்ணி அங்கேயே 4,000 முட்டைகள் வரை இடும். ஆகவே நாய்க்கு மருந்து போடும் அன்றே வீட்டையும் கவனிக்க வேண்டும். படுக்கைத் துணியைக் கொதிநீரில் அலசி, விரிசல்களைப் பூசி அடைத்து, கூண்டிலும் சுவர் இடுக்கிலும் மருத்துவர் சொல்லும் பூச்சிக்கொல்லியை அடிக்க வேண்டும். அது காயும்வரை நாயும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. புதிதாகப் பொரிப்பவை வரும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தவும் முடியாது.

அரிப்பை விடப் பெரிய ஆபத்து உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற பாக்டீரியாவையும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியையும் உண்ணி பரப்புகிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்ததற்கு எர்லிக்கியாதான் காரணம். தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வது, காய்ச்சல், வெளிறிய ஈறு, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம் ஆகியவை அறிகுறிகள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாட்கள் கொடுக்கப்படுகிறது. இரண்டு மூன்று நாளிலேயே நாய் சாப்பிடத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால், நோய் உள்ளுக்குள் தங்கி எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம். பபேசியாவுக்கு மருந்தே வேறு. அதனால் பரிசோதனை அவசியம்.

மருந்தே விஷமாவதும் உண்டு. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை நாய்க்கும் குத்துமதிப்பாகப் போடுவது உயிருக்கே உலை. கோலி போன்ற இனங்களில் ஒரு மரபணுக் குறைபாடு இருப்பதால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து வலிப்பு, கோமா வரை கொண்டுபோகும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். ஃப்ளூராலனர் போன்ற புதிய மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் புண்ணாக்கும். ஒன்றிரண்டு உண்ணிதான் என்றால், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். விரலால் நசுக்கக் கூடாது.

குடற்புழுவோ தாயிடமிருந்தே வருகிறது. உருளைப்புழு கருவிலும், கொக்கிப்புழு பாலிலும் குட்டியைச் சேர்ந்துவிடும். எனவே பிறந்த இரண்டாவது வாரத்தில் பூச்சி மருந்தைத் தொடங்கி, எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கொடுப்பது வழக்கம். அளவு நாயின் எடையைப் பொறுத்தது. நாய் மலம் கழித்த மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலுக்குள்ளும் கொக்கிப்புழு நுழையும். மலத்தை அன்றன்றே அள்ளுவது அதனால்தான்.

குட்டி வாங்குபவருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி, பூச்சி மருந்து கொடுத்த தேதிகளை எழுத்தில் கேட்டு வாங்கலாம். சிகிச்சை அளிப்பவர் கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்றும் கேட்கலாம். மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, ரசீது மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவு நடந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். முதலில் வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.