குறி தப்பினால் அரத்தை எடுக்காதீங்க!

திருப்பூர் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டருக்கு எப்பவும் ஒரு பயம் உண்டு. வெட்டிய துணி ஒட்டாது! பழைய கருமருந்து ரிவால்வரின் குறியைச் சரிசெய்கிறவருக்கும் அதே பயம் வேணும்.

1851-ல் வந்த கோல்ட் 'நேவி' ரிவால்வரையே எடுத்துக்குங்க. குழல் நுனியில் சின்னப் பித்தளை மணி. பின்பக்கம், இழுத்துவைத்த சுத்தியின் தலையில் ஒரு வெட்டு. அவ்வளவுதான் குறி! ஏற்றி இறக்க ஸ்க்ரூ கிடையாது.

கிட்டத்தில் சுட்டால் குண்டு பெரும்பாலும் மேலே போகும். 'மணியைத் தேய்த்துக் குறைப்போம்' என்று அரத்தை எடுத்தால் போச்சு. குண்டு இன்னும் மேலே போகும்! ஏன்? மணி குட்டையானால், அது வெட்டுக்கு நேரே தெரியக் குழலையே தூக்கணுமே! ஆக, உயரமான மணிதான் மருந்து.

எவ்வளவு உயரம்? மணிக்கும் வெட்டுக்கும் நடுவே 25 செ.மீ., இலக்கு 25 மீட்டர் என்றால், கணக்கு நூற்றுக்கு ஒன்று. குண்டு 20 செ.மீ. மேலே போனால் மணி 2 மி.மீ. உயரணும். மாஸ்டர் தையலுக்கு ஓரம் விடுகிற மாதிரி, கொஞ்சம் கூடவே வைக்கணும். ஒரே குண்டை நம்பாமல், ஒரே அளவு மருந்தில் நாலைந்து சுட்டுப் பார்த்து, துளித்துளியாகத் தேய்க்கணும்.

ஆனால் ஒண்ணு: 1959 ஆயுதச் சட்டம் இருக்கு. லைசென்ஸ் இல்லாதவர்கள் கணக்கோடு நிறுத்திக்குங்க!