கடைக்குச் சைக்கிளில் போக உடம்பைத் தயார் செய்வது எப்படி?



நம் உறுப்பினர்களில் பலர் தனி ஆளாகக் கடை நடத்துபவர்கள். கடைக்காரர் படுத்தால் கடையும் படுத்துவிடும். மூன்று வாரம் கதவடைத்துக் கிடந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் பழகிவிடுவார். வாடகையும் மண்டிப் பாக்கியும் நமக்காகக் காத்திருக்காது. ஆகவே உடல்நலம் பற்றிப் பேசுவதும் தொழில் பற்றிப் பேசுவதுதான்.

காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறோம். இப்படி உட்கார்ந்தே இருப்பது இதயத்துக்கு ஆகாது என்று முதலில் எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-ல் அவரும் அவருடைய குழுவினரும் முடிவை வெளியிட்டார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நாம் எல்லோரும் அந்த டிரைவர் வரிசையில்தான் இருக்கிறோம். சர்க்கரை நோயும் நம்மைத் தொடர்கிறது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு அந்த நோய் உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் மதுரை கீழமாசி வீதிக்குச் சரக்கெடுக்க வரும் மளிகைக்காரர்கள் பலர் சைக்கிளில்தான் வருவார்கள். ஆர்டர் எடுப்பதும் வசூலுக்குப் போவதும் சைக்கிளில்தான். இன்று அடுத்த தெருவுக்கும் பைக் எடுக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கு

வீட்டிலிருந்து கடை 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக மிதித்தால் 25 நிமிடம் ஆகும். போய்வர 50 நிமிடம், வாரம் ஆறு நாளைக்கு 300 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. கடைக்குப் போய்வருவதிலேயே அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது. தனியாக நடைப்பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பெட்ரோலையும் பாருங்கள். வருடம் 300 நாளைக்கு 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 60 லிட்டர் மிச்சம்.

கடன் கொடுப்பது போல

புது வாடிக்கையாளர் வந்தால் முதல் நாளே ஐம்பதாயிரத்துக்குச் சரக்கைத் தூக்கிக் கொடுக்க மாட்டோம். ஐந்நூறுக்குக் கொடுத்துப் பார்ப்போம். சொன்ன தேதிக்குப் பணம் வந்தால் ஆயிரமாக்குவோம். உடம்பிடமும் அப்படித்தான் நடக்க வேண்டும். பல வருடம் உட்கார்ந்தே பழகியவர் முதல் நாளே 10 கிலோமீட்டர் மிதித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. சைக்கிள் மறுபடி மூலைக்குப் போய்விடும்.

முதலில் டாக்டர்

நாற்பது வயது கடந்தவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே நிறுத்தி இனிப்பு சாப்பிட வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பை விட்டு ஷூ அணிந்து, தினமும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள்.

சைக்கிளைச் சரி செய்தல்

முழங்கால் வலிக்கிறது என்று விட்டுவிடுபவர்களில் பலருக்குக் குற்றம் சீட்டின் உயரத்தில் இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்று மடங்கும். அதுவே சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடும்.

காற்றுக் குறைந்த டயர் உழைப்பை வீணாக்கும். வாரம் ஒரு முறை காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைகளையும் பாருங்கள்.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், சமமான சாலையில் 15 நிமிடம் மட்டும்.

மூன்று, நான்காம் வாரம்: வாரம் நான்கு நாள், 25 நிமிடம். ஒரு விடுமுறை நாளில் கடை வரை போய், இளைப்பாறித் திரும்புங்கள். வழியில் மேடு பள்ளம் எங்கே என்பது தெரிந்துவிடும்.

ஐந்து, ஆறாம் வாரம்: வாரம் இரண்டு நாள் கடைக்குச் சைக்கிளில் போங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கட்டும்.

ஏழு, எட்டாம் வாரம்: நான்கு நாள். அதன் பிறகு தினமும்.

தூரம் 5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இன்னும் சில வாரம் சேர்த்துக்கொள்ளலாம். வேகத்துக்கு அளவு இதுதான்: மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். எல்லீஸ் நகர் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

மூன்றாவது வாரத்தில் ஓர் ஆபத்து உண்டு. மூச்சு அதற்குள் பழகிவிடும். உற்சாகத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கத் தோன்றும். ஆனால் மூட்டும் தசைநாரும் மூச்சைப் போல் சீக்கிரம் பழகாது, அவற்றுக்கு மாதக் கணக்கு வேண்டும். மறுநாள் தொடை கனத்தால் பயப்பட வேண்டாம். மூட்டில் வலி என்றால் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடியது

வியாபாரம் மந்தமான நேரத்தில் ஸ்டூலில் இருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். கல்லாவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பதினைந்து முறை தூக்கி இறக்குங்கள். தொடையும் கெண்டைக்காலும் பலப்படும்.

சில எச்சரிக்கைகள்

வெறும் வயிற்றில் கிளம்பாமல் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலுடன் புறப்படுங்கள். கோடையில் காலை எட்டு மணிக்குள் கடை சேர்ந்துவிடுவது நல்லது. வேட்டி கட்டுபவர்கள் செயினில் சிக்காமல் மடித்துக் கட்டுங்கள். இரவு கடையடைத்துத் திரும்பும்போது முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் அவசியம். தலைக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். வசூல் பணத்தைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டாம். உடம்பு பழகும்வரை 25 கிலோ சிப்பத்தைக் கேரியரில் ஏற்றாதீர்கள்.

சீசன் முடிந்ததும்

தீபாவளி, பொங்கல் சமயத்தில் நள்ளிரவு வரை வியாபாரம் இருக்கும். அப்போது சில வாரம் சைக்கிள் நின்றுபோவது சகஜம். அதோடு விட்டுவிடாதீர்கள். நின்றுபோன கணக்கை மீண்டும் தொடங்கும்போது கடனைப் பாதியாகக் குறைத்துக் கொடுப்போம் அல்லவா? அதுபோல விட்ட இடத்தில் பாதியிலிருந்து தொடங்கினால் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். கடைக்கு வருடா வருடம் இருப்புக் கணக்கு எடுக்கும் நாம், கடையை நடத்தும் உடம்பின் இருப்பையும் பார்த்து வைக்க வேண்டும். இந்த வாரமே சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, சீட்டைச் சரி செய்து வையுங்கள். முதல் 15 நிமிடம் அதற்குப் பிறகு.